கூண்டுக்கு வெளியே வந்த ரோபோ கை

வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ இருக்கும். டென்மார்க் நிறுவனமொன்றின் யூஆர்3இ என்ற ரோபோ கையின் மொத்த எடை அதைவிடக் குறைவு, 11 கிலோ சொச்சம். ஒரே ஆள் பெட்டியிலிருந்து எடுத்து, மேசைமேல் நிறுத்தி, நான்கு போல்ட் போட்டு முடுக்கிவிடலாம். அடிப்பாகத்தின் விட்டம் 12.8 சென்டிமீட்டர். ஒரு பாயசக் கிண்ணம் வைக்க வேண்டிய இடம்தான். மிதமான வேகத்தில் ஓடும்போது 100 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். நம் வீட்டு மிக்ஸி இதைப்போல ஐந்து மடங்கு இழுக்கும்.

இந்த வகைக் கைகளைத்தான் தொழிற்சாலைகளில் கோபாட் என்கிறார்கள். 'கொலாபரேட்டிவ் ரோபாட்' என்பதன் சுருக்கம். மனிதரோடு சேர்ந்து வேலை பார்க்கும் ரோபோ என்று பொருள். தமிழில் 'கூட்டு ரோபோ' என்று எழுதிப் பார்த்தேன். கூட்டு என்றதுமே வாழை இலைதான் ஞாபகம் வருகிறது. கோபாட் என்றே இருக்கட்டும்.

தொழிற்சாலை ரோபோ என்றால் நம் மனதில் நிற்பது கார் ஆலைக் காட்சி. ஆள் உயரத்தைத் தாண்டிய கைகள், தீப்பொறி பறக்க வெல்டிங், சுற்றிலும் கம்பி வேலி. வேலிக் கதவைத் திறந்தால் உள்ளே எல்லாம் நின்றுவிடும். கோபாட்டோ பெரும்பாலும் வேலி இல்லாமல், பக்கத்து மேசையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே ஓடுகிறது. சின்னதாக இருப்பதால்தான் அப்படி விடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 2015இல் ஜப்பானின் ஃபானுக் நிறுவனம் சிஆர்-35ஐஏ என்று ஒரு கோபாட்டைக் கொண்டுவந்தது. 35 கிலோ தூக்கும். அதன் எடை 990 கிலோ. அதுவும் கோபாட்தான். ஆக, அளவை வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. தன்மேல் எதுவோ முட்டுகிறது என்று அந்தக் கைக்குத் தெரிகிறதா, தெரிந்ததும் நிற்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எப்படித் தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் கோபாட்டில் பாதி புரிந்த மாதிரி.

வேலி ஏன் வந்தது?

1961இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ட்ரென்டன் அருகே இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ வேலைக்குச் சேர்ந்தது. ஜார்ஜ் டெவோல் கண்டுபிடித்தது, ஜோசப் எங்கல்பெர்கர் தொழிலாக வளர்த்தது. டை காஸ்டிங் எந்திரத்திலிருந்து சூடான வார்ப்புகளை எடுத்து வைப்பது அதன் வேலை. மனிதருக்குக் கை வெந்துபோகிற வேலை என்பதால் அது வந்தது நல்லதுதான். ஆனால் ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள அந்த எந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் இங்கிருந்து அங்கே போக வேண்டும் என்பது மட்டும். வழியில் தூண் நின்றாலும் ஆள் நின்றாலும் அதற்கு ஒன்றுதான்.

1979 ஜனவரி 25 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளாட் ராக் என்ற ஊரில் இருந்த வார்ப்பாலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற 25 வயதுத் தொழிலாளி, பாகங்கள் அடுக்கியிருந்த ராக்கில் ஏறினார். அதே ராக்கில் வேலை செய்துகொண்டிருந்த ரோபோவின் கை அவர் தலையில் அடித்தது. ரோபோவால் உயிரிழந்த முதல் மனிதர் என்று அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. ரோபோ ஓடும் இடத்துக்குள் ஆள் போகக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகள் இருக்கின்றன. வேலிக்கு ஆகும் செலவைப் பார்த்து அலுத்துக்கொள்கிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கோபாட் என்ற சொல் 1996இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் என்ற இரு பேராசிரியர்கள் செய்த கருவிக்கு அந்தப் பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் கோபாட்டில் பாரத்தைத் தள்ளுவதற்கு மோட்டாரே கிடையாது. தள்ளுவது மனிதர், சக்கரங்களைத் திருப்புவது மட்டும் கணினி. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை நாம் தள்ள, அதன் சக்கரங்கள் தாமாகவே திரும்பி, அலமாரியில் இடிக்காமல் நம்மைச் சரியான சந்துக்குள் கொண்டுபோனால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. தானாக நகரும் சக்தி இல்லாத எந்திரம் யாரையும் அடிக்காது என்பது அவர்களுடைய யோசனை. இன்றைய கோபாட்டில் மூட்டுக்கு ஒரு மோட்டார் இருக்கிறது. பெயர் தங்கிவிட்டது, பொருள் நகர்ந்துவிட்டது.

இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு அடி போட்டது டென்மார்க்கின் ஓடென்சே நகரம். எஸ்பன் ஆஸ்டர்கார்ட், காஸ்பர் ஸ்டாய், கிறிஸ்டியன் கசோவ் என்ற மூவர் 2005இல் யுனிவர்சல் ரோபாட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2008 டிசம்பரில் முதல் யூஆர்5 கை விற்பனையானது. வாங்கியது லினாடெக்ஸ் என்ற டென்மார்க் நிறுவனம், தொழிற்சாலைகளுக்கு ரப்பர், பிளாஸ்டிக் பொருட்கள் தருபவர்கள். 2012இல் யூஆர்10, 2015இல் எல்லாவற்றிலும் சிறிய யூஆர்3. அதே 2015இல் அமெரிக்காவின் டெரடைன் 28.5 கோடி டாலர் கொடுத்து நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது.

ஆறு மூட்டு

உங்கள் கையையே எடுத்துக்கொள்ளுங்கள். கோபாட்டில் அடியில் ஒரு மூட்டு, அதாவது இடுப்பு. அடுத்து தோள், முழங்கை. பிறகு மணிக்கட்டில் அடுத்தடுத்து மூன்று. மொத்தம் ஆறு. ஏன் ஆறு? ஒரு பேனாவை ஓர் இடத்துக்குக் கொண்டுபோக மூன்று அளவுகள் வேண்டும்: இடம் வலம், முன் பின், மேல் கீழ். அந்த இடத்தில் பேனாவை எந்தப் பக்கம் சாய்த்து, எப்படித் திருப்பிப் பிடிப்பது என்பதற்கு இன்னும் மூன்று. ஆறுக்கு ஆறு சரியாகிவிடுகிறது. ஐந்து மூட்டுள்ள கை ஏதாவது ஒரு கோணத்தில் மாட்டிக்கொண்டு விழிக்கும்.

நமக்கு ஏழாவது ஒன்றும் இருக்கிறது. உள்ளங்கையை மேசைமேல் அழுத்தி வைத்துக்கொண்டு, தோளையும் அசைக்காமல், முழங்கையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடுகிறதா? அதுதான் ஏழு. ஜெர்மனியின் குக்கா நிறுவனம் 2013இல் கொண்டுவந்த எல்பிஆர் ஈவா என்ற கைக்கு இந்த ஏழாவது மூட்டும் உண்டு. நெருக்கடியான இடத்தில் முழங்கையை ஒதுக்கிக்கொண்டு வேலை செய்யும்.

ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் ஒரு மோட்டாரும் ஒரு கியரும் இருக்கின்றன. மோட்டார் வேகமாகச் சுற்றும், ஆனால் பலம் குறைவு. கைக்கு வேண்டியதோ மெதுவான, பலமான சுழற்சி. இடையில் இருக்கும் கியருக்கு ஹார்மோனிக் டிரைவ் என்று பெயர். வால்டன் மஸ்ஸர் என்ற அமெரிக்கர் 1950களில் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றது. இது கொஞ்சம் அழகான சங்கதி, அதனால் ஒரு நிமிடம் நிற்போம்.

மெல்லிய எஃகுக் கிண்ணம் ஒன்று, அதன் வெளி விளிம்பில் 200 பற்கள். அதைச் சுற்றி அசையாத வளையம், உட்புறம் 202 பற்கள். கிண்ணத்துக்குள் ஒரு நீள்வட்டத் துண்டு சுற்றுகிறது. ரப்பர் வளையத்தை உள்ளிருந்து இரண்டு விரலால் விரித்தால் எப்படி நீளுமோ, எஃகுக் கிண்ணம் அப்படி நீண்டு இரண்டு முனையில் மட்டும் வெளிவளையத்தின் பற்களில் பதிகிறது. நீள்வட்டம் ஒரு முழுச் சுற்று வந்தால், எண்ணிக்கையில் இருக்கும் வித்தியாசத்தால் கிண்ணம் இரண்டே பல் நகர்ந்திருக்கும். 200 பல்லும் நகர 100 சுற்று வேண்டும். ஆக மோட்டார் 100 சுற்று சுற்றினால் மூட்டு ஒரு சுற்று. எஃகு வளைகிறது என்பதே கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் இதனால்தான் கியர் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்குகிறது, பல்லுக்குப் பல் ஆட்டமும் கிட்டத்தட்ட இல்லை.

கயிற்றின் கனம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மோதல் எப்படித் தெரிகிறது?

கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்கு இது உடனே பிடிபடும். வாளி எவ்வளவு நிறைந்திருக்கிறது, கயிறு எவ்வளவு நீளம் என்று கைக்கு ஒரு கணக்கு உண்டு. இழுக்கும்போது திடீரென்று கனம் கூடினால், வாளி சுவர்க் கல்லில் மாட்டிக்கொண்டது என்று எட்டிப் பார்க்காமலே தெரிந்துவிடும். கயிற்றில் சென்சார் எதுவும் இல்லை. எதிர்பார்த்த கனத்துக்கும் உணர்ந்த கனத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் செய்தி.

யூஆர் வகைக் கைகள் செய்வது ஏறக்குறைய இதுதான். மோட்டார் எவ்வளவு பலமாக முறுக்குகிறதோ அதற்கேற்ப மின்னோட்டம் இழுக்கும். கை எந்த நிலையில் இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது, கையில் எத்தனை கிலோ இருக்கிறது என்பதை வைத்து, இந்தக் கணத்தில் இந்த மூட்டுக்கு இவ்வளவு மின்னோட்டம் போதும் என்று கட்டுப்பாட்டுப் பெட்டி கணக்குப் போடுகிறது. யூஆர்3இ போன்ற இ வரிசைக் கைகளில் இந்தக் கட்டுப்பாடு நொடிக்கு 500 முறை நடக்கிறது. கணக்குக்கு மேல் இழுத்தால் எதிலோ முட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். உடனே நிறுத்து.

இதில் ஒரு பலவீனமும் இருக்கிறது. நாம் பார்த்த கியருக்குள் உராய்வு உண்டு. எண்ணெய் குளிர்ந்திருந்தால் ஒரு மாதிரி, ஓடிச் சூடானபின் வேறு மாதிரி. அந்த உராய்வுக்குள் மெல்லிய தொடுதல் காணாமல் போய்விடும். குளிர்காலக் காலையில் கிணற்று உருளை இறுகியிருந்தால் வாளி லேசாக உரசுவது தெரியாத மாதிரி. எல்பிஆர் ஈவா இதைத் தவிர்க்க ஒவ்வொரு மூட்டிலும் முறுக்குவிசையை நேரடியாக அளக்கும் சென்சார் வைத்தது. ஃபானுக்கின் பச்சை நிற ராட்சதன் அடிப்பாகத்தில் விசைச் சென்சாரோடு நிற்கிறது, மேலே மெத்தென்ற தோல் வேறு. வழிகள் பல, விலைகளும் பல.

எந்த வழியானாலும் ஒன்றை மறக்கக் கூடாது. பெரும்பாலான கோபாட்களுக்குக் கண் கிடையாது. கேமரா தனியாக வாங்கி மாட்டினால்தான் உண்டு. ஆள் வருகிறார் என்று பார்த்து ஒதுங்குவதில்லை, முட்டியபிறகுதான் அதற்குத் தெரியும். ஆகவே முட்டும் அந்த முதல் கணத்தில் காயம் ஆகாத அளவுக்கு வேகமும் பலமும் முன்கூட்டியே குறைந்திருக்க வேண்டும். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். கோபாட் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். அந்த மெத்தனம்தான் வேலிக்குப் பதிலாக நாம் கொடுக்கும் விலை.

எவ்வளவு வலிக்கலாம்?

இதற்கும் ஒரு சர்வதேச ஆவணம் இருக்கிறது. 2016இல் வந்த ஐஎஸ்ஓ டிஎஸ் 15066. மனித உடம்பை 29 இடங்களாகப் பிரித்து, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தலாம் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். அழுத்த அளவுகளுக்காக ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 100 தன்னார்வலர்களிடம், அழுத்தம் எந்தக் கட்டத்தில் வலியாக மாறுகிறது என்று சோதித்தார்கள். அட்டவணையைப் படிக்கும்போது கொஞ்சம் கூசத்தான் செய்யும். விரல், உள்ளங்கைக்கு 140 நியூட்டன், அதாவது சுமார் 14 கிலோ எடை அழுத்துகிற விசை. மார்புக்கும் 140. வயிற்றுக்கு 110. முகத்துக்கு வெறும் 65.

இவை உடம்பு ஏதோ ஒன்றுக்கும் ரோபோவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நசுங்கும்போது உள்ள வரம்புகள். தட்டிவிட்டு விலகும் மோதலுக்குப் பெரும்பாலான இடங்களில் இதைப்போல இரண்டு மடங்கு வரை விடலாம். தலைக்கும் முகத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. ரோபோ முகத்தில் படுகிற மாதிரி வேலையை அமைக்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். மேசை உயரமும் ஆபரேட்டர் உட்காரும் நாற்காலியின் உயரமும்கூடப் பாதுகாப்புக் கணக்கில் வருவது இதனால்தான்.

விசை ஒன்று, அழுத்தம் வேறொன்று. அதே 14 கிலோவை உள்ளங்கையால் அழுத்தினால் ஒன்றுமில்லை, அரிவாள்மணையின் விளிம்பால் அழுத்தினால் கதை வேறு. பிசிறு போகாத தகட்டைத் தூக்கிக்கொண்டு திரியும் கோபாட், ஸ்க்ரூ டிரைவர் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்திருக்கும் கோபாட், இவற்றின் கை எவ்வளவு மென்மையாக இருந்தும் பயனில்லை. கை நுனியில் பொருளைப் பிடிக்க மாட்டும் கிரிப்பரின் இரண்டு விரலுக்கு நடுவே ஆள் விரல் போனால் என்ன ஆகும் என்பது கையைச் செய்தவருக்குத் தெரியாது, கிரிப்பரைத் தேர்ந்தெடுத்தவருக்குத்தான் தெரியும். 'இது பாதுகாப்பான ரோபோ' என்று விற்பவர் சொன்னால் பாதிதான் கேட்டுக்கொள்ள வேண்டும். கை, கிரிப்பர், அது தூக்கும் பொருள், வேகம், மேசையின் விளிம்பு, நிற்கும் ஆள் எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டைத்தான் பாதுகாப்பானதா என்று பார்க்க முடியும். அப்படிப் பார்த்துவிட்டு, கடைசியில் கோபாட்டைச் சுற்றியே வேலி போட்ட இடங்களும் உண்டு. அதில் தப்பில்லை.

இன்னொரு வழி, தரையை ஒட்டிச் சுற்றிலும் பார்க்கும் லேசர் ஸ்கேனர். ஆள் தூரத்தில் இருந்தால் முழு வேகம், கிட்டே வந்தால் மெதுவாக, இன்னும் கிட்டே வந்தால் நிறுத்தம். இந்தத் தூரத்தைக் கணக்கிட, மனிதர் நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நடந்து வருவார் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஷிஃப்ட் முடிகிற மணி அடித்ததும் கிளம்புகிறவர்கள் இதைவிட வேகம் என்று தோன்றுகிறது, ஆனால் கணக்கு இதுதான்.

கையைப் பிடித்துக் கற்றுத் தருவது

பழைய ரோபோக்களுக்கு வேலை சொல்லித்தர அதற்கென்று படித்தவர் வர வேண்டும். கோபாட்டில் பெண்டன்ட் என்ற தொடுதிரைப் பலகை இருக்கும். யூஆரில் அதன் பின்புறம் ஒரு பொத்தான். அதை அழுத்தியபடி ரோபோ கையைப் பிடித்து இழுத்தால் கூடவே வரும். முதல்முறை பிடிப்பவர்கள் எல்லோரும் கொஞ்சம் பலமாக இழுப்பார்கள், 11 கிலோ இரும்பு என்று மனம் நினைக்கிறதே. ஆனால் கை தண்ணீருக்குள் மிதப்பதுபோல லேசாக வரும், விட்ட இடத்தில் நிற்கும். தன் எடையைத் தாங்கும் அளவுக்கு மட்டும் மோட்டார்கள் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை நமக்கு விட்டுக்கொடுக்கின்றன. மேலே சொன்ன அதே கயிற்றுக் கணக்குதான், இங்கே வேறு விதமாகப் பயன்படுகிறது.

கணினி சொல்படி உலோகத்தைக் கடையும் சிஎன்சி லேத்துக்கு ஜாப், அதாவது கடைய வேண்டிய துண்டு, மாற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். கோபாட்கள் அதிகம் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று. ட்ரேயில் வரிசையாக வெட்டுத் துண்டுகள். கையை இழுத்துப் போய் முதல் துண்டுக்கு நாலு விரற்கடை மேலே நிறுத்தி, திரையில் ஒரு புள்ளி பதிவு. கீழே இறக்கி, கிரிப்பரை மூடி, இன்னொரு புள்ளி. லேத் கதவுக்கு வெளியே ஒரு புள்ளி, துண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்கு நேராக ஒரு புள்ளி, சக்குக்குள் ஒரு புள்ளி. மீதித் துண்டுகளுக்கு ஒவ்வொன்றாகக் கற்றுத்தர வேண்டாம், வரிசைக்கு இத்தனை, இடைவெளி இத்தனை என்று சொன்னால் அதுவே எண்ணிக்கொள்ளும். லேத்தின் கதவு திறந்திருக்கிறதா, சக் பிடித்துவிட்டதா என்பதற்கு இரண்டு எந்திரத்துக்கும் நடுவே சிக்னல் ஒயர் போட வேண்டும். ஒரு மதியத்தில் கையை ஆட்டிக் காட்டிவிடலாம். ஒயர், சிக்னல், கூலன்ட் ஒழுகல், சக்கில் சிக்கிக்கொள்ளும் இரும்புச் சுருள் எல்லாம் சரியாக நாள் கணக்கில் ஆகும். விளம்பர வீடியோவில் வருவது அந்த மதியம் மட்டும்தான்.

இங்கே எடைக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது, புதியவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் இது. யூஆர்3இ தூக்கும் எடை 3 கிலோ. நம் ஜாப் முக்கால் கிலோ, தாராளம் என்று தோன்றும். ஆனால் அந்த 3 கிலோவில் கிரிப்பரும் அடக்கம். மின்சாரக் கிரிப்பர் ஒன்று 900 கிராம் என்று வைத்துக்கொள்வோம். லேத்தில் நேரம் மிச்சமாக, முடிந்த ஜாப்பை ஒரு கிரிப்பரால் எடுத்துவிட்டு, கையோடு கொண்டுவந்த புதியதை இன்னொன்றால் வைப்பார்கள். ஆக இரண்டு கிரிப்பர், 1.8 கிலோ. அவற்றைப் பிடிக்கும் தாங்கி 300 கிராம். மீதி 900 கிராம். ஒரு கணத்துக்கு இரண்டு ஜாப்பும் கையில் இருக்கும், அப்படியானால் ஜாப் 450 கிராமைத் தாண்டக் கூடாது. முக்கால் கிலோ ஜாப்புக்கு இந்தக் கை போதாது. 5 கிலோ தூக்கும், 850 மில்லிமீட்டர் எட்டும் யூஆர்5இ பக்கம் போக வேண்டியதுதான். யூஆர்3இ எட்டுவது 500 மில்லிமீட்டர், அதுவும் முழுதாக நீட்டினால். முழங்கை நிமிர்ந்துவிட்ட கையால் எதையும் நிதானமாகச் செய்ய முடியாது, நம் கைக்கும் அதே கதைதான். ஓரத்தில் கொஞ்சத்தைக் கழித்துவிட்டே திட்டம் போட வேண்டும்.

விவரத்தாளில் ±0.03 மில்லிமீட்டர் என்று ஓர் எண் இருக்கும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இதைத் துல்லியம் என்று படித்துவிடக் கூடாது. ஒருமுறை போன இடத்துக்கே மறுபடி மறுபடி எவ்வளவு நெருக்கமாக வரும் என்பதன் அளவு இது. கோலி விளையாட்டில் குழியை விட்டு ஒரு சாண் தள்ளி, ஆனால் பத்துத் தடவையும் அதே இடத்தில் போடுகிற பையன் இருப்பானே, அவனுக்கு இந்த எண்ணில் நூற்றுக்கு நூறு. கையைப் பிடித்துக் கற்றுத் தரும் வேலைக்கு இது போதும், காட்டிய இடத்துக்குத் திரும்ப வந்தால் சரி. கேமரா பார்த்து 'அந்தப் புள்ளிக்குப் போ' என்று எண்ணால் சொல்லும் வேலை என்றால் இந்த எண்ணை நம்பி இறங்கக் கூடாது.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

அமெரிக்காவின் ரீதிங்க் ரோபாட்டிக்ஸ் 2012இல் பேக்ஸ்டர் என்ற இரண்டு கை கோபாட்டைக் கொண்டுவந்தது. ரோபோ ஆராய்ச்சியில் பெரும் பெயரான ராட்னி புரூக்ஸ் தொடங்கிய நிறுவனம். பேக்ஸ்டருக்குத் தலையில் ஒரு திரை, திரையில் கண்கள். எந்தப் பக்கம் கை போகப் போகிறதோ அந்தப் பக்கம் முதலில் கண் பார்க்கும். மூட்டுகளுக்குள் ஸ்பிரிங் வைத்திருந்தார்கள், மோதினால் ஸ்பிரிங் அமுங்கிக்கொள்ளும். பாதுகாப்புக்கு அருமையான வழி. ஆனால் ஸ்பிரிங் இருக்கும் கை, வைக்க வேண்டிய இடத்தில் அப்படியே வைக்காது, சற்று ஆடும். தொழிற்சாலைக்குக் கண்ணைவிட அந்த ஆட்டம் இல்லாத கைதான் தேவைப்பட்டது. அடுத்து 2015இல் ஒற்றைக் கை சாயர் வந்தது, ஓரளவு சரிசெய்தார்கள். 2018 அக்டோபரில் நிறுவனத்தை மூடிவிட்டார்கள். எனக்கு பேக்ஸ்டர் மேல் இன்னும் ஒரு பிரியம் உண்டு, அதன் தோல்வியில்தான் கோபாட் என்ன தராசில் நிற்கிறது என்பது பளிச்சென்று தெரிகிறது. மென்மை ஒரு தட்டில், நிதானம் இன்னொரு தட்டில்.

இந்தியாவில் இந்தக் கைகளை முதலில் எடுத்துக்கொண்டவர்களில் பஜாஜ் ஆட்டோ ஒன்று, புனே அருகே சாக்கன் ஆலையில். மதுரையில் ஆரோலேப் இருக்கிறது, அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமத்தைச் சேர்ந்தது, 1992இல் தொடங்கியது. கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களைச் செய்கிறார்கள், அங்கே யூஆர்5 கைகள் வேலை பார்க்கின்றன. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டால் தேட வேண்டிய அளவுள்ள பொருள், எடை என்று சொல்ல ஒன்றுமில்லை, மணிக்கணக்கில் ஒரே மாதிரி எடுத்து வைக்க வேண்டும், தூசு ஆகாது. சிறிய கோபாட்டுக்கென்றே அளவெடுத்த வேலை.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு நூறு பிஸ்கட் எடுத்து அடுக்க வேண்டுமென்றால் கோபாட் வேண்டாம், சிலந்திபோலத் தொங்கும் டெல்டா ரோபோ வேண்டும், வேலியோடு. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளினால் போதும் என்றால் காற்றழுத்தத்தில் ஓடும் ஒரு நியூமேட்டிக் சிலிண்டர் செய்துவிடும், சில ஆயிரம் ரூபாயில். இந்த மாதம் ஒரு ஜாப், அடுத்த மாதம் வேறு ஜாப் என்று மாறிக்கொண்டே இருக்கும் பட்டறையில்தான் கோபாட் கொடுத்த காசுக்கு உழைக்கும். கழற்றி வேறு மேசையில் மாட்டலாம் என்பதே அதன் பெரிய பலம்.

மோதல் வரம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ட்ரேயில் துண்டு கோணலாக இருந்தால் கை முட்டி நிற்கும். திரையில் 'ப்ரொடெக்டிவ் ஸ்டாப்' என்று வரும், ஆள் வந்து விடுவித்தால்தான் மறுபடி ஓடும். ஒரு ஷிஃப்ட்டில் பத்துத் தடவை இப்படி ஆனால், யாரோ ஒருவர் பாஸ்வேர்ட் போட்டு வரம்பைத் தளர்த்திவிடுவார். நிற்பது நின்றுவிடும், உற்பத்தி ஓடும். அந்த நிமிடத்திலிருந்து அது கோபாட் இல்லை, வேலி மறந்துபோன சாதாரண ரோபோ. கோணலாக இருந்த ட்ரேயைச் சரிசெய்வதுதான் மருந்து. பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தாலே அந்த ஆலையின் சுபாவம் தெரிந்துவிடும்.

முதல் நாள் உங்கள் முன்னால் ஒரு கோபாட் இருந்தால் இப்படித்தான் நடக்கும். பெண்டன்ட்டில் ஆன் செய்து, ஸ்டார்ட் தொட்டதும் ஆறு மூட்டின் பிரேக்கும் விடுபடும், டக் டக் என்று சத்தம் வரும், கை லேசாக ஒரு குலுக்கு குலுக்கும். பயப்பட வேண்டாம். கிரிப்பரை மாட்டிவிட்டு, ஆர்வத்தில் நேராகப் பின்பொத்தானை அழுத்திக் கையைப் பிடிப்பீர்கள். விட்ட இடத்தில் நிற்காமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். கை கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குப் போன் போடத் தோன்றும். கிரிப்பர் எத்தனை கிலோ என்று நீங்கள் இன்னும் அதற்குச் சொல்லவில்லை. வெறுங்கை என்று நினைத்து அது தன் எடையை மட்டும் தாங்கிக்கொண்டிருக்கிறது. இதே நிலையில் ஓடவிட்டால், எதிர்பார்க்காத கனத்தை மோதல் என்று எடுத்துக்கொண்டு காரணமில்லாமல் நிற்கும். எடையை அதிகமாகச் சொல்லிவிட்டாலோ, விட்டதும் மேலே எழும்பும். திரையில் பேலோடு என்று இருக்கும் இடத்தில் கிரிப்பரின் எடையையும் அதன் பாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் போடுங்கள். மறுபடி பொத்தானை அழுத்தி, கையைத் தூக்கி, விடுங்கள். இப்போது நிற்கும்.